உலாவியின் செலவும் உபயோகிப்போரின் அந்தரங்கமும்

இணையப் பக்கங்களைக் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ திறந்து காட்டும் சாதனம் உலாவி எனப்படும். ஆசிரியர் மாணவர் வருகையைப் பதிவு செய்வதும், விரிவாக்க ஊழியர் வானிலை அறிக்கையைப் பார்ப்பதும், கிராம அலுவலர் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் இதன் வாயிலாகவே நடைபெறுகின்றன. இதனை விலை கொடுத்து வாங்கியவர் இன்று அரிது. எனினும் இது செலவின்றி உண்டாகும் பொருளன்று. பயர்பாக்ஸ் போன்ற உலாவிக்கு ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. அயலார் உட்புகக்கூடிய பழுது எதுவும் தென்பட்டால், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திராமல் அதனை உடனே அடைத்தாக வேண்டும். இதற்கென நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் இடைவிடாது உழைக்கின்றனர். அவர்களுக்குச் சம்பளம் அளிப்பவர் யார் என்ற கேள்வி, உலாவி தன்னை உபயோகிப்போரைப் பற்றி வெளியே எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

ஆரம்ப அமைப்பு

எந்தச் சாதனமும் உபயோகிப்பவர் கைக்கு வரும்போதே ஒரு குறிப்பிட்ட நிலையில் அமைந்து வருகிறது. இதுவே ஆரம்ப அமைப்பு. இதனை மாற்றிக்கொள்ள வசதி இருப்பினும், மாற்றுவோர் மிகச் சிலரே. ஆதலால், ‘வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற உறுதிமொழியைக் காட்டிலும், மாற்றாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதே முக்கியமானது.

இதற்குச் சிறந்த உதாரணம் ‘குக்கி’ எனப்படும் சிறு குறிப்பு. 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் கம்பெனியின் பொறியாளர் லூ மாண்டுல்லி இதனை வகுத்தார். இணையதளம் தன்னிடம் வந்து போனவரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே, அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அடுத்த முறை கொண்டுவரச் சொல்வது போல, தளமானது உலாவியிடம் ஒரு குறிப்பைக் கொடுத்து வைக்கிறது; மறுமுறை வரும்போது அதனைக் கேட்டு வாங்கிப் பார்த்து ஆளை அறிந்துகொள்கிறது. இதில் தீங்கில்லை. ஆனால், ஒரு பக்கத்தில் காணப்படும் விளம்பரம் பெரும்பாலும் அந்தத் தளத்தாருடையதன்று. மூன்றாமவர் ஒருவர் அனுப்புவது. அவரும் தமது சீட்டைக் கொடுத்து வைக்கிறார். அவருடைய விளம்பரம் பல்லாயிரம் தளங்களில் இடம் பெற்றிருந்தால், ஒரே ஆள் ஊரிலுள்ள எல்லாக் கடைகளின் வாயிலிலும் நின்று, யார் எங்கே எதைப் பார்த்தார் என்று குறித்துக்கொள்வதற்கு அது ஒப்பாகும்.

இந்த அபாயம் பின்னாளில் கண்டறியப்பட்டதென்று எண்ணுவது தவறு. மூன்றாமவரின் சீட்டை ஆரம்ப நிலையில் ஏற்கலாகாது என்று 1997 பிப்ரவரியிலேயே இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணம் ஒன்று வகுத்துவிட்டது. அன்றைய இரு பெரும் உலாவிகளும் அதனைப் பின்பற்றவில்லை. விளம்பர வியாபாரம் அந்தச் சீட்டின் மீதே வளர்ந்தது. வளர்ந்தபின் அதனை நிறுத்துவது கடினமாயிற்று.

எவ்வளவு கடினம் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி சான்று. ‘என்னைப் பின்தொடர வேண்டாம்’ என்று உலாவியே ஒவ்வொரு தளத்துக்கும் அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று வகுக்கப்பட்டது. அதற்கு இணங்குவது தளங்களின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. 2012இல் மைக்ரோசாப்ட் கம்பெனி தனது இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 உலாவியில் இவ்வறிவிப்பை ஆரம்ப அமைப்பாகவே வைக்கத் தீர்மானித்தது. உடனே அமெரிக்க விளம்பரத் துறையின் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. தானே தேர்ந்துகொள்ளாத ஒருவருடைய விருப்பத்தை விருப்பமாகக் கொள்ள இயலாது என்பது அதன் வாதம். வேறுவிதமாகச் சொன்னால், சிலர் மட்டும் கேட்டால் கொடுக்கலாம், எல்லோரும் கேட்டால் கொடுக்க முடியாது! இதற்கான நியமத்தை வகுத்துவந்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் குழு 2019 ஜனவரியில் கலைக்கப்பட்டது. 2025இல் பயர்பாக்ஸும் அந்த வசதியை நீக்கிவிட்டது.

பணம் வரும் வழி

உலாவிகளின் உள்ளே பக்கத்தை வரைந்து காட்டும் பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். இன்று பரவலாக வழங்கும் எஞ்சின்கள் மூன்றே. கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மோசில்லாவின் கெக்கோ ஆகியவை அவை. ஓபரா 2013இலும், மைக்ரோசாப்ட் 2020இலும் தம் சொந்த எஞ்சினைக் கைவிட்டுக் கூகுளின் எஞ்சினுக்கு மாறின. மூன்றின் மூலநிரலும் எவரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டதே. ஆயினும் பெரிய வியாபார ஸ்தாபனத்தின் உடைமையாக இல்லாதது கெக்கோ ஒன்றுதான்.

நெட்ஸ்கேப் கம்பெனி 1998இல் தனது மூலநிரலை வெளியிட்டதிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. 2003இல் மோசில்லா அறக்கட்டளை இலாப நோக்கற்ற ஸ்தாபனமாக அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் முதற்பதிப்பு வெளிவந்தது. இதன் வருமானத்தில் நன்கொடையின் பங்கு சொற்பமே. முகவரிக் கட்டத்தில் ஒருவர் சொற்களைத் தட்டினால் அவை எந்தத் தேடுபொறிக்குச் செல்ல வேண்டும் என்ற ஆரம்ப அமைப்புக்காகத் தேடுபொறிக் கம்பெனி கொடுக்கும் தொகையே பிரதான வருமானம். 2023இல் மோசில்லாவின் மொத்த வருமானம் சுமார் 65 கோடி டாலர். அதில் 49 கோடிக்கு மேற்பட்டது இவ்வகையில் வந்தது. பயர்பாக்ஸ் ஈட்டும் வருமானத்தில் சுமார் 85 சதவீதம் கூகுளிடமிருந்து வருகிறது என்று 2025 மே மாதத்தில் மோசில்லாவின் நிதித் தலைவர் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். போட்டிக் கம்பெனியின் பணத்திலேயே ஒரு கம்பெனி நடைபெறுவது வியாபார உலகில் அபூர்வமான காட்சிதான்.

அந்த வழக்கு அமெரிக்க அரசு கூகுளின் மீது 2020இல் தொடுத்தது. ஆரம்பத் தேடுபொறியாக இருப்பதற்கு 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் பற்பல கம்பெனிகளுக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர் என்பது அவ்வழக்கில் வெளிப்பட்டது. ஆரம்ப அமைப்பை மக்கள் மாற்றுவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் கூறியபோது, பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்தாரேயன்றிப் பணம் கொடுப்பதைத் தடை செய்யவில்லை. தடை செய்திருந்தால் மோசில்லாவின் நிலை ஆட்டங்கண்டிருக்கும்.

இவ்வருமானம் அந்தரங்கப் பாதுகாப்பைப் பாதித்ததா? 2013இல் மூன்றாமவரின் சீட்டுகளைத் தடுக்கும் மாறுதல் பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்க்கப்பட்டது, விளம்பரத் துறை எதிர்த்தது, மாறுதல் ஒத்திவைக்கப்பட்டது. நல்ல தளங்களைத் தவறாகத் தடுத்தல், தீயவற்றைத் தவறவிடுதல் ஆகிய குறைகளையே மோசில்லா காரணமாகக் கூறிற்று. பணமே காரணம் என்று துணிவதற்கில்லை. 2019 செப்டம்பரில், பின்தொடர்வோர் என்று அறியப்பட்டவர்களின் சீட்டுகள் அனைவருக்கும் ஆரம்ப நிலையிலேயே தடுக்கப்பட்டன. 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் சீட்டும் தனித்தனிப் பெட்டியில் அடைக்கப்படும் முறை ஆரம்ப அமைப்பாக்கப்பட்டது. மாறாகக் கூகுள், தனது குரோமில் இச்சீட்டுகளை இரண்டாண்டுகளில் ஒழிப்பதாக 2020இல் அறிவித்து, பலமுறை தவணை கேட்டு, 2024இல் திட்டத்தையே கைவிட்டது. இவ்வகையில் பயர்பாக்ஸின் பணி மெச்சத்தக்கதே.

ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மூன்றாமவரைத் தடுக்கும் அமைப்பு வலிமையாக இருக்கையில், பணம் கொடுப்பவரிடம் செல்லும் வழி திறந்தே இருக்கிறது. முகவரிக் கட்டத்தில் எழுத்துக்களைத் தட்டும்போதே, முடித்து அனுப்புவதற்கு முன்னரே, ஊகச் சொற்களைப் பெறுவதற்காக அவை ஆரம்பத் தேடுபொறிக்குச் சென்று விடுகின்றன. இதுவும் ஆரம்ப அமைப்புத்தான். 2024 ஜூலையில் வந்த 128ஆம் பதிப்பில், விளம்பரத்தின் பலனை ஆள் அடையாளமின்றி அளக்கும் பரிசோதனை வசதி ஒன்று உபயோகிப்போரைக் கேளாமலே இயக்கி வைக்கப்பட்டது. முறையில் அந்தரங்கம் காக்கப்படுகிறது என்றது மோசில்லா. கேட்காமல் செய்ததே குற்றம் என ஐரோப்பிய அந்தரங்க உரிமைச் சங்கம் ஒன்று ஆஸ்திரிய அதிகாரியிடம் முறையிட்டது.

வேறு வழிகள்

டார் உலாவியைத் தயாரிக்கும் ஸ்தாபனத்துக்கு அமெரிக்க அரசின் மானியமும் நன்கொடையும் ஆதாரம். மல்வாட் உலாவி 2023இல் வெளிவந்தது. தனிப்பாதை இணைப்புக்குச் சந்தாதாரர் செலுத்தும் கட்டணம் அதன் ஆதாரம். விளம்பரத்தின் தயவு இல்லாததால் இரண்டின் ஆரம்ப அமைப்பும் மிகக் கண்டிப்பானவை. எனினும் இரண்டும் பயர்பாக்ஸின் மீது கட்டப்பட்டவை என்பதை மறத்தலாகாது. மோசில்லாவின் வருமானம் வற்றினால், இவற்றின் அஸ்திவாரமும் வற்றும்.

அஸ்திவாரத்தையே புதிதாக இடும் முயற்சி லேடிபேர்ட். 2024 ஜூலையில் இதற்கென இலாப நோக்கற்ற ஸ்தாபனம் அறிவிக்கப்பட்டது. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் வான்ஸ்டிராத் 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்தார். நிபந்தனையற்ற நன்கொடை தவிர, தேடுபொறி ஒப்பந்தம் எதுவும் ஏற்பதில்லை என்பது அதன் விதி. முதற்சோதனைப் பதிப்புக்கு 2026ஆம் ஆண்டைக் குறித்தனர். மோசில்லா ஓராண்டில் ஈட்டுவதோடு இத்தொகையை ஒப்பிட்டால் வேலையின் கடுமை புலனாகும்.

இந்தியாவில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் உள்நாட்டு உலாவிக்கான போட்டியை அறிவித்தது. இந்தியச் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளரது மூலச் சான்றிதழை உலாவி ஏற்க வேண்டும் என்பது அதன் தேவைகளுள் ஒன்று. 2025 மார்ச்சில் ஜோஹோ குழு ஒரு கோடி ரூபாய் முதற்பரிசைப் பெற்றது. அக்கம்பெனியின் ‘உலா’ உலாவி, கூகுளின் எஞ்சினைக் கொண்ட குரோமியத்தின் மீது அமைந்தது. பரிசு ஒருமுறை கிடைப்பது; பழுதுகளை அடைக்கும் செலவு மாதந்தோறும் வருவது.

பள்ளிக் கணிப்பொறிகளில் பயர்பாக்ஸ் உபயோகிப்போர், அமைப்புகள் பகுதியில் அந்தரங்கம் என்ற தலைப்பில் ‘கண்டிப்பு’ என்னும் நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். சில தளங்கள் சரியாகத் திறவாவிடில் அத்தளத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். தேடல் என்ற தலைப்பில் ஊகச் சொற்களை நிறுத்தவும், தேடுபொறியை மாற்றவும் இயலும். பல கணிப்பொறிகள் உள்ள இடத்தில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. நிர்வாகக் கொள்கைக் கோப்பு ஒன்றை எழுதி எல்லாவற்றிலும் வைத்தால், பின்தொடர்வதைத் தடுப்பதும் ஊகச் சொற்களை நிறுத்துவதும் அவற்றுக்கு ஆரம்ப அமைப்பாகவே ஆகிவிடும்.