அந்த நிரல் உங்களுடையதுதானா?

வேலை தேடும் புது டெவலப்பருக்கு இன்று எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: செய்ததையெல்லாம் வெளியே காட்டு. கிட்ஹப்பில் ப்ராஜெக்ட் போடு, லிங்க்ட்இன்னில் தினமும் எழுது, சொந்தப் பெயரில் ஒரு தளம் வை. அதிகம் பேர் அறியாத கல்லூரியில் படித்துவிட்டு வருகிறவருக்கு இது நல்ல வழிதான். மார்க் ஷீட் சொல்லாததை உருப்படியான ஒரு ப்ராஜெக்ட் சொல்லிவிடும். ஆனால் எதைக் காட்ட நமக்கு உரிமை இருக்கிறது என்பதை இந்தப் புத்திமதிக்காரர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

சம்பளத்துக்கு எழுதிய நிரலில்தான் சிக்கல் அதிகம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவுப்படி, ஓர் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நிறுவனமே முதல் உரிமையாளர். ராத்திரி பகலாக நீங்கள் ஒருவரே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் அப்படித்தான். ஃப்ரீலான்ஸராகச் செய்து கொடுத்தால் கதை தலைகீழ்: எழுத்தில் கையெழுத்திட்டு உரிமையை மாற்றித் தராதவரை அது பொதுவாக எழுதியவருக்கே சொந்தம். காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. பல ஃப்ரீலான்ஸர்களுக்கு இது தெரியாது. கிளையன்ட் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆஃபர் லெட்டரோடு வரும் ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பு எங்கோ பின்பக்கத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் ஓய்வு நேரத்தில், சொந்த லேப்டாப்பில் செய்வதையும் அதற்குள் இழுத்துப் போட்டிருக்கும். சேர்வதற்கு முன்பே செய்து முடித்த ப்ராஜெக்ட்களின் பட்டியலை எச்ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, அவை தனக்கே சொந்தம் என்று பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வாய்மொழியாக "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல தம்பி" என்று மேனேஜர் சொன்னது நாளைக்கு நிற்காது. அலுவலக வேலையைப் போர்ட்ஃபோலியோவில் சொல்லியே ஆக வேண்டுமென்றால், என்ன பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்று எழுதுங்கள். நிரலும் கிளையன்ட் பெயரும் டேஷ்போர்டு ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம்.

பொதுவில் போட்ட ஒரு துண்டு நிரல் என்ன செய்யும் என்பதற்கு டொயோட்டா உதாரணம். கார்களை இணையத்தோடு இணைக்கும் அதன் டி-கனெக்ட் சேவையின் மென்பொருளில் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் ஒன்று 2017 டிசம்பரில் தவறுதலாகக் கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றிவிட்டது. டேட்டா சர்வரைத் திறக்கும் சாவி அதற்குள்ளேயே இருந்தது. 2022 செப்டம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது.

புதியவர்கள் சொந்த ப்ராஜெக்ட்டில் செய்வதும் இதேதான். கிளவுட் கணக்கின் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி அப்படியே ஏற்றிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கணக்கில் யாரோ கிரிப்டோ மைனிங் செய்ய, பில் உங்களுக்கு வரும். ஃபைலை அழித்து மறுபடி கமிட் செய்தால் போதும் என்று நினைப்பது தவறு, கிட் பழைய வரலாற்றை அப்படியே வைத்திருக்கும். முதலில் அந்தச் சாவியைச் செல்லாததாக்குங்கள், பிறகு வரலாற்றைச் சுத்தம் செய்யலாம். பில் ஏறியிருந்தால் கிளவுட் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு அன்றைக்கே எழுதுங்கள். கமிட்டில் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் சேர்ந்து போகிறது. அதை மறைக்கக் கிட்ஹப் செட்டிங்ஸில் வழி உண்டு.

இனி, அடுத்தவர் உழைப்பு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்கி, தன் பெயரில் ஏற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும் என்பது ஒரு பக்கம். உரிமம் எதுவும் போடாமல் பொதுவில் வைத்த நிரல் இலவசச் சரக்கு அல்ல, எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது என்பது மறுபக்கம். தாராளமான எம்ஐடி உரிமம்கூட, முதலில் எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை அகற்றக் கூடாது என்கிறது. உங்கள் நிரலை ஒருவர் இப்படித் திருடினால், டிஎம்சிஏ என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி அதை நீக்கச் சொல்லிக் கிட்ஹப்புக்குப் புகார் அனுப்பலாம். அதற்குப் பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை; எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

பெயர் வெளியே தெரியத் தொடங்கியதும் தேடி வருகிறவர்களில் திருடர்களும் உண்டு. ரெக்ரூட்டர் என்று லிங்க்ட்இன்னில் பேசி, "இதுதான் கோடிங் டெஸ்ட், ஓட்டிப் பாருங்கள்" என்று ஒரு ப்ராஜெக்ட்டை அனுப்புவார்கள். ஓட்டியதும் கடவுச்சொற்களும் கிரிப்டோ வாலட்டும் காலி. வட கொரியாவோடு தொடர்புடைய குழு ஒன்று இப்படி டெவலப்பர்களைக் குறிவைப்பதை 2023இல் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். தெரியாத நிரலைச் சொந்த லேப்டாப்பில் நேரடியாக ஓட்டாமல் தனி விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுவதே பாதுகாப்பு. ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்டு ஏமாற்றினால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். உங்கள் பெயரிலும் படத்திலும் யாராவது போலிக் கணக்கு நடத்தி ஆள் ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடமும் புகார் கொடுங்கள். அவர் முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம்.

ஃபாலோயர்கள் சேர்ந்ததும் கோடிங் கோர்ஸ் விற்பவர்கள் பணத்தோடு வருவார்கள். வாங்குவதில் தப்பில்லை, வாங்கியதை மறைப்பதுதான் தப்பு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்குப் பரிந்துரை தந்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. சொன்னது உண்மையா என்று உரிய முறையில் சரிபார்த்திருந்தால் தப்பலாம். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று நீங்கள் சொல்லப்போனால், அதற்கான ஆதாரத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். பணம் வாங்கிய பதிவில், அது விளம்பரம் என்று கண்ணில் படும்படி எழுத வேண்டும். ஹாஷ்டேக் கூட்டத்துக்கு நடுவே ஒளித்துவைத்தால் கணக்கில் சேராது.