பனிக்கடற் பாசியும் பூஞ்சணமும்

தென்துருவத்தைச் சூழ்ந்த கடல் உயிர்கள் அருகிய வெறும் பனிப்பரப்பு என்று எண்ணுவோர் பலர். அக்கடலின் நீர் பூச்சியத்துக்குக் கீழே 1.8 பாகை சதமளவை வரை குளிர்வது உண்மையே. எனினும், அந்தாட்டிக் தீபகற்பத்தின் கரையோரப் பாறைகளில், நீருக்கடியிலே காடுகள் உள. அவை கபில நிறமும் செந்நிறமும் கொண்ட கடற்பாசிகளாலான காடுகள். இமாந்தோதல்லசு என்னும் கபிலப் பாசியின் இலை போன்ற உறுப்பு 10 மீற்றருக்கு மேலும் நீளக்கூடியது.

பாறையைப் பற்றி நிற்கும் பாசி, பகை வரின் ஓட இயலாதது. ஆகவே, தன் உடலில் ஆக்கும் இரசாயனச் சேர்வைகளையே அது படைக்கலமாகக் கொள்கின்றது. கபிலப் பாசிகளில் ஒருவகைத் தனின்கள் உண்டாகின்றன. புளொக்காமியம் என்னும் செம்பாசியோ குளோரீனும் புரோமீனும் கலந்த சேர்வைகளை ஆக்குகின்றது. மீன்கள் இவற்றை வெறுத்து ஒதுக்குகின்றன.

இவ்வுண்மையை அமெரிக்காவின் பாமர் ஆராய்ச்சி நிலையத்திலே சாள்ஸ் அம்சிலர், ஜேம்ஸ் மக்கிளின்ரொக், பில் பேக்கர் ஆகிய விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். இறாலை ஒத்த சிற்றுயிர்கள் இப்பாசிகளிடையே மிகப் பெருந்தொகையாய் வாழ்வதை அவர்கள் கண்டனர். அவை பெரும்பாலும் பாசியை உண்பதில்லை. அதன்மேற் படரும் நுண்பாசிகளையே உண்டு அதனைத் துப்புரவாக்குகின்றன. பாசியோ அவற்றை மீன்களிடமிருந்து மறைத்துக் காக்கின்றது. ஒரு சிற்றுயிர் இவ்வழக்குக்கு விலக்காய் நிற்கின்றது. பரடெக்சமைன் எனப்படும் அது புளொக்காமியத்தையே உண்டு, அதன் நச்சுச் சேர்வைகளைத் தன் உடலிற் சேமித்து, மீன்களுக்குத் தானும் வேண்டா உணவாகிவிடுகின்றது.

பாசியின் மேலும் அதன் இழையங்களின் உள்ளும் குடியிருப்போர் வேறும் உளர். அவரே பூஞ்சணங்கள். இடமும் உணவும் குறுகிய அவ்வீட்டிலே ஏனைய நுண்ணுயிர்களோடு போட்டியிட வேண்டியிருத்தலின், அவையும் பல்வேறு சேர்வைகளை ஆக்குகின்றன. இவற்றை நாடியவர்களுள் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் முதன்மையானவர்.

அவர்களுடைய நாட்டத்துக்குத் தக்க காரணம் உண்டு. 1909 ஆம் ஆண்டிலே பிரேசில் மருத்துவர் காளோஸ் சாகஸ் ஒரு கொடிய நோயைக் கண்டறிந்தார். இரத்தம் உறிஞ்சும் பூச்சிகளால் பரவும் அந்நோய், பல்லாண்டுகள் மறைந்திருந்து இருதயத்தைச் சிதைக்க வல்லது. அதற்கென இன்றுள்ள மருந்துகள் இரண்டே. அவ்விரண்டும் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டவை. பக்க விளைவுகள் மிகுந்தவை. நோய் முற்றியபின் பயன் குன்றுபவை.

இந்நிலையில், 2013 ஆம் ஆண்டு வெளியான பிரேசில் ஆய்வொன்று கவனத்தை ஈர்த்தது. பல்மாரியா என்னும் அந்தாட்டிக் செம்பாசியிலிருந்து பெறப்பட்ட பெனிசிலியம் பூஞ்சணத்தின் சாறு, சாகஸ் நோய்க் கிருமியைத் தாக்கும் ஆற்றலைக் காட்டியது. பெனிசிலினை உலகுக்குத் தந்த பூஞ்சணமும் இக்குலத்ததே.

ஆயினும், ஆய்வுகூடக் கண்ணாடிப் பாத்திரத்திற் கிருமியைக் கொல்லும் சாறு மருந்தாகிவிடாது. சாற்றிற் கலந்துள்ள பல பொருள்களுள் வினை புரிவது எது என்று பிரித்தறிதல் வேண்டும். அது மனித உயிரணுவுக்குத் தீங்கிழையாமை தெளிதல் வேண்டும். பின்னர் விலங்குகளிலும், இறுதியாக நோயாளரிடத்தும் சோதித்தல் வேண்டும். இவ்வழியிற் புறப்படும் சேர்வைகளுட் பெரும்பாலானவை இடையிலேயே கைவிடப்படுகின்றன.

எனினும், பூஞ்சணத்துக்கு ஒரு சிறப்புண்டு. ஆய்வுகூடத்தில் வளரக்கூடிய பூஞ்சணத்தை ஒருமுறை பிரித்தெடுத்துவிட்டால், வேண்டியபோதெல்லாம் அங்கேயே பெருக்கலாம். அதன்பொருட்டுக் கடலடிக் காட்டை மீண்டும் மீண்டும் அறுக்க வேண்டியதில்லை. ஆனால், முதல் துண்டுப் பாசியை எடுப்பதற்கேனும் அக்காடு இருத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தாட்டிக் தீபகற்பம் விரைந்து வெப்பமுற்றது. பனிக்கடலின் காடுகளைக் காப்பதும் அவற்றின் சேர்வைகளை ஆராய்வதும் ஒன்றையொன்று பிரியாத பணிகள் என்பதற்கு இதுவே சான்றாகும்.