கையில் விளையாட்டு; கடிவாளம் யாரிடம்?



இஷா தொழுதுவிட்டு வாப்பா கடலுக்குப் போகிறார். விடியும் நேரத்தில் கரை திரும்பி வீட்டுக்கு வந்தால், மகனின் அறையில் இன்னும் வெளிச்சம் தெரிகிறது. கையில் போன், கண்கள் சிவந்திருக்கின்றன. புத்தகப் பை நேற்று வைத்த இடத்திலேயே கிடக்கிறது. எருக்கலம்பிட்டியிலோ, தாராபுரத்திலோ, சிலாவத்துறையிலோ இப்படி ஒரு வீடு இருக்கலாம். அது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

"இந்த ஆட்டம் முடிந்ததும் வைத்துவிடுகிறேன் உம்மா" என்கிறான் மகன். அவன் பொய் சொல்லவில்லை. வைக்கத்தான் நினைக்கிறான், வைக்க முடியவில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தலைமுறை நம்முடையது. அந்தப் பாடெல்லாம் இன்று ஒரு சிறு திரைக்குள் கரைந்து போகலாமா?

பழக்கமா? நோயா?

விளையாடுகிறவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஆட்டத்தை அடக்கியாள முடியாமை. படிப்பு, உணவு, உறக்கம், உறவு அனைத்தையும் ஆட்டம் பின்தள்ளிவிடுதல். கேடு வந்த பிறகும் தொடர்தல். பொதுவாக 12 மாதங்கள் இந்நிலை நீடித்தால்தான் வைத்தியர்கள் அதை நோய் என்பார்கள்.

அலையை எதிர்க்காதீர்கள்

அமெரிக்காவில் ஜோன் கபாட்-சின் என்பவர் 1979இல் வைத்தியசாலை நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் மனக்கவனப் பயிற்சி. பௌத்தத் தியான முறையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது என்றாலும், வைத்தியசாலைகளில் வழிபாடு எதுவுமின்றி வெறும் பயிற்சியாகவே கற்பிக்கப்படுகிறது. மனம் ஓடுவதைக் கண்டு, திட்டாமல், திரும்பவும் மூச்சுக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான். தொழுகையில் சிதறும் மனத்தை மீட்டெடுக்கப் பாடுபடும் நமக்கு இந்த முயற்சி புதிதா என்ன?

இது விளையாட்டு வெறிக்கு எப்படி உதவும்? சலிப்பு, கோபம், தனிமை ஏதாவது ஒன்று வந்ததும் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஆசைக்கும் கைக்கும் இடையே ஒரு நொடி இடைவெளியை உண்டாக்குவதே இப்பயிற்சியின் வேலை. அந்த நொடியில்தான் சுயகட்டுப்பாடு பிறக்கிறது.

நம் கடலோடிகளுக்கு இது எளிதில் விளங்கும். பெரிய அலை வந்தால் அவர்கள் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. அணியத்தை அலைக்கு நேராகப் பிடித்து ஏறி இறங்குகிறார்கள். ஆசையும் அப்படித்தான். எழும், உச்சிக்கு வரும், தீனி போடாவிட்டால் தணியும்.

2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இத்தொல்லை இருந்த 30 பெரியவர்களில் பாதிப் பேருக்கு 8 வாரம் மனக்கவனம் சார்ந்த பயிற்சி தரப்பட்டது. மற்றவர்கள் ஆதரவுக் குழுவில் பேசிப் பகிர்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் நோய் அடையாளங்களும் ஏக்கமும் கூடுதலாகக் குறைந்தன. 3 மாதம் கழித்தும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. ஆனால், 30 பேர் என்பது சிறு தொகை. அவர்கள் சிறுவர்களும் அல்லர். ஆகவே இதை மாய மருந்தாக எண்ணிவிடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* காலையும் மாலையும் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கட்டும். மனம் ஓடினால் திரும்ப அழைக்கட்டும்.
* போனைத் தொடுமுன் தன்னையே கேட்கட்டும்: "இப்போது என் உடம்பில் என்ன தெரிகிறது? எதிலிருந்து தப்ப நினைக்கிறேன்?" பிறகு 10 நிமிடம் பொறுக்கட்டும்.
* இரவில் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் ஒரே இடத்தில் இருக்கட்டும், பெற்றோருடையதும் கூட!
* போனைப் பறித்து உடைக்காதீர்கள். நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். மிஞ்சும் நேரத்துக்குப் பந்தாட்டமோ, கடற்கரையோ, உங்கள் பேச்சுத் துணையோ கொடுங்கள். வெறுமையாக விட்டால் பழையது திரும்பி வரும்.

உண்ணாமல், உறங்காமல் கிடந்தாலோ, கை நீட்டினாலோ, உயிரை மாய்ப்பதாகச் சொன்னாலோ தாமதிக்க வேண்டாம். மாவட்ட வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. மனநோய்க்கு மருந்து தேடுவது குடும்பத்துக்கு மானக்கேடு அல்ல.

தாய்மாரே, தந்தைமாரே! நாளை அந்த அறையில் விளக்கு எரிந்தால் வாசலில் நின்று கத்தாதீர்கள். உள்ளே போய் அருகில் உட்காருங்கள். உங்கள் போனை முதலில் கீழே வையுங்கள். பிறகு, "என்ன மகனே, வைக்க முடியவில்லையா?" என்று கேளுங்கள். "ஆம்" என்று அவன் சொன்னால், பாதி வழி கடந்தாயிற்று.