நேரம் எந்த வரியில் போகிறது?

கல்லாவியில் விடியற்காலையில் பஸ் ஏறி, ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாறி மாறி பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் போய் இறங்கும் பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் உண்டு. அப்படிப் போகிற ஒருவருக்கு வழியில் எங்கே நேரம் வீணாகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லலாம். கூட்டத்தில் நின்றுகொண்டு எழுதுவதே பெரும்பாடாகிவிடும். இன்னொரு வழி, அம்மா அவ்வப்போது போன் போட்டு, "எங்க கண்ணு வந்துட்டிருக்க?" என்று கேட்பது. சில வாரங்களில் நூறு அழைப்புகள் சேர்ந்து, அதில் நாற்பதுக்கு "அத்திப்பள்ளி" என்று பதில் வந்திருந்தால் பயண நேரத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை அத்திப்பள்ளி விழுங்குகிறது என்று பொருள்.

மென்பொருள் துறையில் 'புரொஃபைலர்' என்ற கருவி செய்வதும் இதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை விநாடிக்கு நூறு முறையோ ஆயிரம் முறையோ இடைமறித்து, அந்தக் கணத்தில் அது எந்த வரியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். குறிப்புகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் நேரம் போகிறது.

புரோகிராமை எழுதியவருக்கே தெரியாதா என்றால், தெரியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் க்னூத் 1971இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாக்கியது. அன்று புழக்கத்தில் இருந்த ஃபோர்ட்ரான் மொழிப் புரோகிராம்களை அளந்து பார்த்ததில், பொதுவாக நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கென்று எழுதிய அளவைக் கருவியையே அவர்கள் அதே கருவியால் அளந்தார்கள். அதன் நேரத்திலும் பாதிக்கு மேல், திரும்பத் திரும்ப ஓடும் இரண்டே இரண்டு லூப்களில் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலையில் அதன் வேகம் இரட்டிப்பானது. கருவியை உருவாக்கியவர்களுக்கே அதுவரை அந்த இரண்டு லூப்கள் கண்ணில் படவில்லை.

அதன்பின் வந்த ஐம்பது ஆண்டுகளில் புரொஃபைலரை மேம்படுத்தியவர்கள் பெரும்பாலும் செய்தது ஒன்றுதான்: அது எங்கே பொய் சொல்கிறது என்று பிடித்தார்கள்.

முதல் பொய் இடைவெளியில் இருந்தது. அம்மா தினமும் மணி அடித்தாற்போல் ஏழு மணிக்கே கூப்பிட்டால், அந்த நேரத்தில் பஸ் டீக்கடையில் நிற்கிறது என்பதால் எப்போதும் "டீக்கடை" என்றே பதில் வரும். கணினியிலும் பல வேலைகள் சீரான தாளத்தில் நடப்பவை. அளக்கும் தாளமும் அதோடு ஒத்துப்போனால் கணக்கு கோணலாகும். அமெரிக்காவின் 'டிஜிட்டல்' என்ற கணினி நிறுவனத்தின் ஆய்வகங்கள் 1997இல் வெளியிட்ட ஒரு புரொஃபைலர், இடைவெளியை ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி அளந்தது. கணினியை 1 முதல் 3 சதவீதம் மட்டுமே மெதுவாக்கியதால், நாள் முழுக்க ஓடவிட முடிந்தது. அந்தக் குழுவில் ஒருவர் ராஜஸ்தானின் கோட்டா நகரில் வளர்ந்த சஞ்சய் கெமாவத். பின்னர் கூகுளின் அடித்தளத்தை எழுதியவர்களில் முக்கியமானவர்.

இரண்டாவது பொய் இன்னும் நுட்பமானது. 2010இல் அமர் திவான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஜாவா மொழி உலகில் பரவலாகப் பயன்பட்ட நான்கு புரொஃபைலர்களை ஒரே புரோகிராம்களின் மேல் ஓடவிட்டார்கள். அதிக நேரம் எடுக்கும் ஃபங்ஷன் (நிரலின் தனித் துண்டு) எது என்பதில் பல இடங்களில் ஆளுக்கொரு பதில்! எதை நம்புவது? சோதனைக்காக ஒரு ஃபங்ஷனுக்குள் ஃபிபனாச்சி எண் கணக்கைத் திணித்து, வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். புரோகிராம் மெதுவானது. ஆனால் அதற்குக் காரணமான ஃபங்ஷன் கருவிகளின் பட்டியலில் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. நாலாயிரம் மாதிரி எடுத்தாலும் நாற்பதாயிரம் எடுத்தாலும் தீராத கோளாறு இது.

காரணம் ஜாவா இயங்கும் முறையில் இருந்தது. அதை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. தனக்கு வசதியான சில பத்திரமான புள்ளிகளை அடைந்த பிறகே அது கேள்விக்குப் பதில் சொல்லும். பஸ் ஸ்டாண்டில் மட்டுமே போனை எடுப்பேன் என்று மகன் முடிவெடுத்ததுபோல. சூளகிரிக்கு அருகே முக்கால் மணி நேரம் நெரிசலில் நின்றிருப்பான். பதில் மட்டும் "ஓசூர் பஸ் ஸ்டாண்ட்ல இருக்கேன்" என்று வரும். பழி ஓசூருக்கு. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த ஆய்வு இது. நான்கு கருவிகளும் தங்கள் கணக்கைத் துல்லியமான எண்களில்தான் காட்டின. துல்லியம் வேறு, உண்மை வேறு என்று சொல்ல யாராவது இப்படி நிரலுக்குள் கல்லைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவதைப் பொய் என்பதைவிடக் கேள்வியே பிசகு என்பது சரி. ஊத்தங்கரைக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போனாலும், அங்கிருந்து அடுத்த பஸ் ஏழரைக்குத்தான் என்றால் என்ன பயன்? இன்றைய புரோகிராம்களில் பல வேலைகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நேரம் எங்கே போகிறது என்பதும், எதை வேகப்படுத்தினால் மொத்தமும் வேகமாகும் என்பதும் இங்கே இரண்டு தனிக் கேள்விகள். ஆய்வாளர்கள் சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் 2015இல் வெளியிட்ட 'காஸ்' என்ற புரொஃபைலர் இரண்டாவது கேள்வியைக் கேட்டது. ஒரு வரியை நிஜமாக வேகப்படுத்திப் பார்க்கக் கருவியால் முடியாது. அதனால் தலைகீழாக யோசித்தார்கள்: அந்த வரி ஓடும்போதெல்லாம், கூடவே ஓடும் மற்ற வேலைகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்தால், அந்த வரி மட்டும் வேகமானதுபோல் ஆகிவிடும். நிறுத்திவைத்த நேரத்தைக் கடைசியில் கழித்துக்கொள்ளலாம்.

செல்போன்களிலெல்லாம் உட்கார்ந்திருக்கும் எஸ்.க்யூ.லைட் தகவல் தளத்தில் இதை ஓடவிட்டபோது, கருவி மூன்று சின்னஞ்சிறு ஃபங்ஷன்களைக் கைகாட்டியது. வழக்கமான புரொஃபைலர் கணக்கில் மூன்றும் சேர்ந்து எடுத்த நேரம் 0.15 சதவீதம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவற்றைச் சுற்றிவளைத்து அழைக்காமல் நேரடியாக அழைக்கும்படி மாற்றியதும், அந்தச் சோதனையில் தளத்தின் வேகம் ஏறக்குறைய 25 சதவீதம் கூடியது.

க்னூத் கண்ட 4 சதவீதக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பார்த்தசாரதி ரங்கநாதன் உள்ளிட்ட குழு, 20,000க்கும் மேற்பட்ட கூகுள் கணினிகளை மூன்று ஆண்டுகள் அளந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த அளவில் தனியொரு குற்றவாளி அகப்படவே இல்லை. ஆனால் நினைவகம் ஒதுக்குவது, தரவைச் சுருக்குவது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்ற, எல்லா புரோகிராமும் போகிற போக்கில் செய்யும் சில்லறை வேலைகள் மட்டும் கணினி நேரத்தில் 30 சதவீதத்தை நெருங்கின. 'தரவு மைய வரி' (டாக்ஸ்) என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அண்மைய சண்டை இலவச இயங்குதளமான லினக்ஸின் உலகில் நடந்தது. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற தடத்தை புரொஃபைலர் சுலபமாகப் பின்தொடர வேண்டுமென்றால், ஒவ்வொரு புரோகிராமும் அதற்கென ஒரு சிறு குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஓரிரு சதவீத வேகத்தைப் பலி கொடுக்க வேண்டும். புரொஃபைலரே திறக்காத கோடிப் பேருடைய கணினியும் சேர்ந்து ஏன் மெதுவாக வேண்டும் என்று எதிர்த்தவர்களின் கேள்வி நியாயமானதுதான். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் குழு முதலில் இந்தக் குறிப்பு முறையை நிராகரித்து, பிறகு மறுவாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 38ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு இன்னொரு லினக்ஸ் வகையான உபுண்டுவும் 24.04 பதிப்பில் அதே முடிவுக்கு வந்தது.