டேட்டாவைக் காக்கும் கடுகளவு கறுப்புச் செராமிக்: ஹார்டு டிஸ்க் ஹெட் ஏன் தேய்வதில்லை?

போனில் எடுத்த போட்டோ 'கிளவுட்'டுக்குப் போய்விட்டது என்கிறோம். எங்கே போனது? போனுக்குள் இருப்பது வெறும் சிப்தான். ஆனால், பெரிய டேட்டா சென்டர்களில் குவிந்து கிடக்கும் தகவலில் பெரும்பகுதி இன்னமும் சுழலும் ஹார்டு டிஸ்க்குகளில்தான் இருக்கிறது. அந்த டிஸ்க்கில் எழுதவும் படிக்கவும் செய்யும் காந்த ஹெட், ஒரு கறுப்புச் செராமிக் துண்டின் வால் நுனியில் ஒட்டியிருக்கிறது. அந்தத் துண்டுக்குப் பெயர் ஸ்லைடர். நீளம் 0.85 மி.மீ., அகலம் 0.7 மி.மீ. கடுகைவிடச் சிறியது.

இந்தக் கடுகு செய்யும் வேலை சாதாரணமானதல்ல. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் 3.5 இன்ச் டிரைவில், டிஸ்க்கின் வெளி விளிம்பு மணிக்கு 125 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேலே காற்று மெத்தையில் ஸ்லைடர் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர்கள். தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு நெருக்கம் என்பது புரியும்.

சரி, ரொம்பக் கடினமான ஒரு பொருளில் ஸ்லைடரைச் செஞ்சுட்டா தேயாது, பிரச்னை முடிஞ்சுது, அப்படித்தானே? இல்லை. இரண்டு பொருள்கள் உரசினால் கடினமானது தப்பிக்கும், மற்றது கீறப்படும். இங்கே 'மற்றது' என்பது உங்கள் போட்டோ இருக்கும் டிஸ்க்!

கேசட் காலத்துப் பாடம்

ஆடியோ கேசட்டில் டேப் நேரடியாக ஹெட்டை உரசிக்கொண்டே ஓடும். வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. 90 நிமிட கேசட்டின் இரு பக்கமும் கேட்டு முடித்தால், சுமார் 257 மீட்டர் டேப் ஹெட்டின் மேல் இழுபட்டிருக்கும். பெர்மல்லாய் என்ற நிக்கல்-இரும்புக் கலவையில் செய்த ஹெட்கள் மென்மையானவை. நாள்பட அவற்றில் பள்ளமே விழும். ஃபெரைட் ஹெட்கள் நீண்ட காலம் உழைத்தன. ஆனால் ஓரங்களில் பொரிந்து உதிரும்.

கம்ப்யூட்டர் டிஸ்க் வேறு வழியில் போனது: தொடாமல் இருப்பது. 1956-ல் வந்த ஐ.பி.எம். ராமாக், அழுத்தப்பட்ட காற்றை ஊதி ஹெட்டை டிஸ்க்கிலிருந்து விலக்கிவைத்தது. 1973-ல் அதே நிறுவனத்தின் 'வின்செஸ்டர்' டிரைவ் வந்தபோது கதை மாறியது. எடை குறைந்த ஹெட், டிஸ்க் சுழலும்போது தானே எழும்பும். சுவிட்சை அணைத்தால் டிஸ்க்கின் மேலேயே இறங்கி உட்காரும். அதாவது, ஒவ்வொரு ஆன்-ஆஃப்புக்கும் ஒரு உரசல்.

1979-ல் ஐ.பி.எம். 3370 டிரைவில் மெல்லிய படல ஹெட்கள் வந்தன. சிப் தயாரிப்பதைப் போலவே, ஒரு வட்டத் தகட்டின் மேல் படலம் படலமாகப் படியவைத்து உருவாக்கும் முறை இது. இந்த முறைக்குத் தகட்டாகவும், பிறகு ஸ்லைடரின் உடம்பாகவும் இருக்க ஒரு பொருள் தேவைப்பட்டது. நிலைத்து நின்றது ஆல்டிக்.

அலுமினா 70, டைட்டானியம் கார்பைடு 30

ஆல்டிக்கின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் அலுமினா, 30 சதவீதம் டைட்டானியம் கார்பைடு. இரண்டையும் நுண்ணிய பொடியாக்கிக் கலந்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்குகிறார்கள். கெட்டியான எஃகைக் கடைய லேத் பட்டறைகளில் பயன்படும் 'கறுப்பு செராமிக்' வெட்டுமுனைகளும் இதே குடும்பம்தான்.

அலுமினா மட்டும் போதாதா? ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி அலுமினாதான். வெப்பம் தாங்கும், தேயாது. ஆனால் மின்சாரம் கடத்தாது. ஸ்லைடரில் நிலைமின்சாரம் சேர்ந்தால், நுனியில் இருக்கும் நுட்பமான சென்சார் ஒரே பொறியில் காலி. டைட்டானியம் கார்பைடு மின்சாரத்தைக் கடத்தி, சேரும் மின்னூட்டத்தை வெளியேற்றிவிடும். விரிசல் நேராக ஓடாமல் அதன் துகள்கள் திசைதிருப்பும். தகட்டைக் குறுக்கே அறுக்கும்போது ஓரம் உதிராமல் இருக்க இது ரொம்ப முக்கியம். ஒரே தகட்டிலிருந்து பல பத்தாயிரம் ஹெட்கள் வருகின்றன; உதிர்ந்த ஒவ்வொரு துணுக்கும் பின்னால் டிரைவுக்குள் எமனாகலாம்.

உண்மையான தலைவலி, மெருகேற்றும்போது வருகிறது. அறுத்த துண்டுகளை வைரப் பொடியால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். ஒரே பரப்பில் மிகக் கடினமான ஆல்டிக்கும் இருக்கிறது, மென்மையான காந்த உலோகமும் இருக்கிறது. உலோகம் சீக்கிரம் தேய்ந்து உள்ளே பின்வாங்கும். மொத்த இடைவெளியே சில நானோமீட்டர் எனும்போது, பின்வாங்கிய ஒவ்வொரு நானோமீட்டரும் சிக்னலைப் பலவீனமாக்கும். போதாக்குறைக்கு, ஆல்டிக்கின் இரண்டு பொருள்களுமே ஒரே அளவில் தேய்வதில்லை. அதனால்தான் துகள்களை மிக நுண்ணியதாக வைத்திருக்கிறார்கள். தேயாத பொருள் கிடைப்பதைவிட, எல்லாம் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்வதுதான் இங்கே கஷ்டம்.

மெருகேற்றிய பரப்பின் மேல் வைரம் போன்ற கார்பன் பூச்சு. டிஸ்க்கின் மேலும் அதே வகைப் பூச்சு, அதற்கும் மேல் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் தடிமனில் மசகுப் படலம். இவ்வளவு வழவழப்பாக்கியதில் புது வம்பு கிளம்பியது: ஓய்வில் இருக்கும் ஹெட், ஈரக் கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதுபோல டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டது. முதலில் ஹெட் இறங்கும் இடத்தை மட்டும் சற்றுச் சொரசொரப்பாக்கிப் பார்த்தார்கள். கடைசியில், அணைத்தவுடன் ஹெட் டிஸ்க்கைவிட்டே விலகி, ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் சரிவில் ஏறி நிற்கும் ஏற்பாடு வழக்கமானது.

டக் டக் சத்தம் வந்தால்?

ஓடிக்கொண்டிருக்கும் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் இந்த ஏற்பாடுகளெல்லாம் கை கொடுக்காமல் போகலாம். ஹெட் டிஸ்க்கில் மோதி, பூச்சு பெயர்ந்து, அந்தத் தூளே மேலும் கீறத் தொடங்கும். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் கீறலை நீட்டலாம். உடனே கழற்றிவிட்டு, டேட்டா அவசியம் என்றால் மீட்பு நிபுணரிடம் கொடுப்பதே வழி. கல்யாண ஆல்பம், ஆபீஸ் பைல் போன்றவற்றுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருந்தால் இந்தப் பதற்றமே இல்லை.

2024 ஜனவரியில் சீகேட் அறிமுகம் செய்த 30 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிரைவ்களில், ஹெட்டிலேயே ஒரு குட்டி லேசர் இருக்கிறது. எழுதும் புள்ளியை ஒரு கணம் 400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கும். இனி உரசலோடு சேர்த்து இந்த வெப்பத்தையும் கார்பன் பூச்சும் மசகும் தாங்கியாக வேண்டும்.

உரசலைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், துகள் மோதல் தரவுகளை இன்றும் காந்த டேப்பில்தான் சேமிக்கிறது. டேப் டிரைவ் ஹெட்களிலும் ஆல்டிக் உண்டு. 18 டெராபைட் எல்.டி.ஓ.-9 டேப்பின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுதாக நிரப்ப அது ஹெட்டின் மேல் 280 முறை ஓட வேண்டும். கூட்டினால் சுமார் 290 கி.மீ. அழுக்கைச் சுரண்டி ஹெட்டைச் சுத்தமாக வைத்திருக்க டேப்பின் பூச்சிலேயே நுண்துகள்கள் கலக்கப்படுகின்றன. அந்தத் துகள்கள் பெரும்பாலும் வேறெதுவுமில்லை, அதே அலுமினாதான்.