சம்பளமா, ரீட்டெய்னரா? லீகல் டெக் வேலையில் சேரும் முன் ஒரு கணக்கு

அகில இந்திய பார் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் சட்டப் பட்டதாரிகளின் கடிதங்கள் குவியும். இந்த முறை கடிதங்களில் புதிதாக ஒரு குழப்பம். திருச்சி அரியமங்கலத்திலிருந்து ஒரு தந்தை எழுதுகிறார்: மகள் சட்டம் முடித்துவிட்டார். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் 'லீகல் டெக்னாலஜி அனலிஸ்ட்' வேலை தந்திருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பார் கவுன்சிலில் பதிவுசெய்து, மூன்று வருடம் கழித்து நீதிபதித் தேர்வு எழுதலாமா? பால்பண்ணைப் பக்கமிருந்து இன்னொருவர்: பதிவும் செய்தாகிவிட்டது, வேலையிலும் சேர்ந்தாகிவிட்டது. ஏதும் சிக்கல் வருமா?

வரலாம். அது வருமா வராதா என்பதை நிறுவனம் உங்களுக்குப் பணம் தரும் முறை தீர்மானிக்கிறது.

லீகல் டெக் என்றால் என்ன?

விளம்பரங்களில் இது 'சட்டத் துறையின் எதிர்காலம்'. நடைமுறையில், ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களை மென்பொருளுக்குக் கொடுத்து, அது பொறுக்கித் தரும் ஷரத்துகள் சரிதானா என்று ஒரு மனிதர் உட்கார்ந்து பார்ப்பது. வழக்குகளின் வாய்தா தேதிகளை இ-கோர்ட்ஸ் தளத்திலிருந்து எடுத்துக் கோப்பது, பழைய கோப்புகளைத் தேடுவதற்கு ஏற்ப வகைப்படுத்துவது ஆகியவையும் இதில் அடங்கும். சிரில் அமர்சந்த் மங்கல்தாஸ் நிறுவனம் 2017-இல் ஒப்பந்தங்களைப் படிக்க 'கிரா' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது இது பெருநகரச் செய்தி. இன்று நவலூர் குட்டப்பட்டு சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும், திருச்சி அரசு சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் இது வேலைவாய்ப்பு.

வழக்கறிஞர் சம்பளம் வாங்கலாமா?

கூடாது. பார் கவுன்சில் விதி 49 அப்படித்தான் சொல்கிறது. தொழில் நடத்தும் வழக்கறிஞர் தனிநபர், அரசு, ஃபர்ம், கார்ப்பரேஷன் என யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்க முடியாது. அப்படிச் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பட்டியலில் 'ஃபர்ம்' இருப்பதைக் கவனியுங்கள். சட்ட நிறுவனம் என்பதற்காக விலக்கு கிடையாது.

அப்படியானால் பெரிய சட்ட நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான இளம் வழக்கறிஞர்கள் மாதாமாதம் பணம் வாங்குவது எப்படி? அவர்கள் கணக்குப்படி அது சம்பளமே அல்ல, 'ரீட்டெய்னர்'. ஜூனியர் தனித் தொழில் செய்பவர், நிறுவனம் அவருடைய சேவையைப் பெற்றுக்கொண்டு தொழில்முறைக் கட்டணம் தருகிறது என்று ஏற்பாடு. 1961 வருமான வரிச் சட்டத்தில் சம்பளத்துக்கு வரி பிடிப்பது 192-ஆவது பிரிவு. தொழில்முறைக் கட்டணத்துக்கு 194-ஜே, பத்து சதவீதம். சம்பளம் வாங்குபவருக்கு ஃபார்ம் 16, கட்டணம் வாங்குபவருக்கு 16-ஏ. புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறினாலும் இந்தப் பாகுபாடு அப்படியேதான் இருக்கிறது.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். விதி 49 மீறப்படுவதில்லை. நிறுவனத்துக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி சுமை இல்லை. ஜூனியருக்கும் ஒரு வசதி: ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டும் சலுகை (பழைய எண்படி 44-ஏடிஏ) கிடைக்கும். ஆனால் காலை பத்து மணிக்கு வருகைப் பதிவு, விடுப்புக்கு அனுமதி, வெளி வழக்கு எடுக்கத் தடை என்று ஒப்பந்தம் சொல்லுமானால், அவர் எந்த விதத்தில் ஊழியர் இல்லை?

பெயரா, சாரமா என்ற இந்தக் கேள்வியை நீதிமன்றம் வேறொரு இடத்தில் தொட்டிருக்கிறது. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்வதை எதிர்த்து வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி 2010-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்மனுதாரர்களில் சட்ட வேலைகளை அவுட்சோர்சிங் முறையில் செய்யும் ஒரு நிறுவனமும் இருந்தது. அத்தகைய வேலை வழக்கறிஞர் சட்டத்துக்குள் வராது என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச் 13-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியமைத்தது. தட்டச்சு, படியெடுப்பு, மெய்ப்புப் பார்த்தல் போன்றவை வழக்கறிஞர் தொழில் ஆகா. ஆனால் சேவைக்கு ஒட்டிய பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது, சாரத்தில் அது வழக்கறிஞர் தொழிலாக இருந்தால் சட்டம் பாயும் என்றது.

பெயரை விட்டுச் சாரத்தைப் பார் என்று நிறுவனங்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூனியரின் ரீட்டெய்னர் ஒப்பந்தத்தையும் அதே கண்ணால் பார்த்தால் பல ஒப்பந்தங்கள் தேறுவது கடினம். பார்க்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். நிறுவனத்துக்கும் புகார் இல்லை, ஜூனியருக்கும் புகார் இல்லை.

லீகல் டெக் பிரிவில் சேர்பவருக்கு ரீட்டெய்னர் என்ற இந்த மறைப்புகூட இல்லாமல் போகலாம். தொழில்நுட்பப் பிரிவினரை ஐ.டி., ஹெச்.ஆர். ஆட்களைப் போலவே நேரடியாக ஊழியர் கணக்கில் சேர்ப்பதுண்டு. சில இடங்களில் அந்தப் பிரிவே தனிக் கம்பெனி. உடன் படித்த தோழி அதே கட்டடத்தில் 'அசோசியேட்' என்பதால் வழக்கறிஞர். இவர் 'அனலிஸ்ட்', ஃபார்ம் 16 வாங்கும் ஊழியர். சன்னதை (வழக்கறிஞர் உரிமத்தை) நிறுத்திவைக்காமல் இருந்தால் விதியை மீறியவர் இவர்தான்.

நீதிபதித் தேர்வுக்கு இதனால் என்ன?

2002 முதல் புதிய பட்டதாரிகளும் சிவில் நீதிபதித் தேர்வு எழுத வழி இருந்தது. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே அவர்களுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்து, மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தைக் கட்டாயமாக்கியது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்குத் தொடங்கும் என்ற சலுகையைப் படித்ததும் பலர் முன்கூட்டியே பதிவுசெய்ய ஓடுகிறார்கள். அடுத்த நிபந்தனையையும் படிக்க வேண்டும். அனுபவத்துக்கு, தொழில் செய்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் சான்று தர வேண்டும். அல்லது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சான்று தந்து, அதை அந்த அலுவலர் ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் கணக்கில் சேரும். லீகல் டெக் வேலை அந்த விலக்கில் இல்லை.

எனவே அரியமங்கலம் தந்தைக்குப் பதில்: மகள் சம்பளக் கணக்கில் சேர்ந்தால், அந்த ஆண்டுகள் நீதிபதித் தேர்வுக்கான மூன்றாண்டில் சேராது. ரீட்டெய்னராகச் சேர்ந்தாலும், சென்னையில் கணினி முன் ஒப்பந்தம் பார்த்தவருக்கு எந்த நீதிமன்றத்திலிருந்து யார் சான்று தருவார் என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ரீட்டெய்னர் ஏற்பாட்டின் லாபம் நிறுவனம், மகள் இருவருக்கும். மூன்று ஆண்டு கழித்து அது செல்லாமல் போனால் நஷ்டம் மகளுக்கு மட்டும். பால்பண்ணை வாசகர் முதலில் தன் பணி ஆணையைப் பார்க்கட்டும். சம்பளம் என்றிருந்தால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவிப்பதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

சீனியரிடம் சேர்ந்தால் கட்டுமா?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயித்தது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், பிற மாவட்டங்களில் 15,000. திருச்சி இரண்டாவது வகை. பின்னர் அகில இந்திய பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது, பரிந்துரையாக மட்டும். திருச்சி கன்டோன்மென்ட் நீதிமன்ற வளாகத்தில் எந்த ஜூனியரையாவது கேளுங்கள், பரிந்துரைக்கும் பணத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

பதிவுக் கட்டணம் எவ்வளவு? 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125. 2024 ஜூலை 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. முத்திரைத் தீர்வை தனி.

பார் தேர்வை எவ்வளவு காலத்துக்குள் எழுத வேண்டும்? பதிவுசெய்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். இப்போது பதிவு செய்யாதவருக்கு அந்தக் கடிகாரம் ஓடாது.

தேர்வு கடினமா? குறிப்பெழுதாத சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம், 45 சதவீதம் போதும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40.

கோடிங் தெரிய வேண்டுமா? எக்செல்லும், ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படிக்கும் கண்ணும் முதலில்.

பொறியியல் படித்தவர் இந்த வேலைக்குப் போகலாமா? தாராளமாக, மேலே சொன்ன எந்தத் தலைவலியும் அவருக்கு இல்லை.

ஏஐ இந்த வேலையைப் பறிக்குமா? 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய பொய்த் தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. சரிபார்க்கும் ஆளுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை உண்டு.

நீதிமன்றங்களே ஏஐ மயமாகின்றன என்கிறார்களே? இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி. அதில் ஏஐ, பிளாக்செயினுக்கு 53.57 கோடி, நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

வேலையை விட்டபின் சன்னது திரும்பக் கிடைக்குமா? விண்ணப்பித்துத் தொடரலாம், நிறுத்திவைத்ததற்கான கடித நகலைப் பத்திரப்படுத்தியிருந்தால்.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது? வரி பிடித்ததற்கு எந்தப் படிவம் தருவீர்கள் என்று மட்டும், மின்னஞ்சலில்.