32 மெகாபைட் செய்யும் காரியம்

கணினி பழுதுபார்ப்பவரின் மேஜை இழுப்பறையைச் சில ஆண்டுகளுக்கு முன்பு திறந்திருந்தால், ‘வின் 7’, ‘வின் 10’, ‘உபுண்டு’ என்று துண்டுத் தாளில் எழுதி ஒட்டிய பென்டிரைவ்கள் அரை டஜனாவது கிடந்திருக்கும். ஓர் இயங்குதளத்துக்கு ஒரு பென்டிரைவ் என்பதே பெரும்பாலோரின் வழக்கமாயிருந்தபடியால், புதிய பதிப்பு வந்ததும் பழையதை அழித்துத்தான் அதற்கு இடம் தந்தார்கள். அழித்த மறுநாளே அந்தப் பழைய பதிப்பைக் கேட்டு ஒருவர் வந்து நிற்பார்.

பழைய பதிப்பு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது; விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத கணினியை முறைப்படி ஏற்பதில்லை. 32 பிட் கணினியில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பைப் போடலாம். 13-இல் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு யந்திரத்தை, அதற்கு உகந்த பதிப்பு கைவசம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மூலையில் போடுவது பெரும் விரயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்தச் சங்கடத்துக்கு அழகான பரிகாரமாக வந்தது, லாங்பாண்டா என்னும் புனைபெயருடைய நிரலாளர் 2020-இல் வெளியிட்ட வென்டாய் என்ற கட்டற்ற மென்பொருள். பல பதிப்புகளை ஒன்றாக வைக்கும் கருவிகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் நிறுவல் தட்டு முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கிய ஐஎஸ்ஓ கோப்புகளைப் பிரித்துப் பரப்பவோ, ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது கருவியை மறுபடி இயக்கவோ அவற்றில் பல நம்மை வேண்டின. வென்டாய் ஐஎஸ்ஓவைப் பிரிப்பதே இல்லை. பென்டிரைவின் பெரும்பகுதியை நம் கோப்புகளுக்கு விட்டுவிட்டு, கடைக்கோடியில் வெறும் 32 மெகாபைட்டை மட்டும் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. கணினி பூட் ஆகும்போது, அந்தச் சிற்றிடத்திலிருந்து எழும் நிரல், பெரும்பகுதியில் உள்ள ஐஎஸ்ஓக்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகத் திரையில் காட்டி, நாம் ஒன்றைத் தேர்ந்ததும், அதுவே டிவிடித் தட்டு என்று இயங்குதளத்தை நிறுவும் நிரல் (நிறுவி) நம்பும்படி செய்துவிடுகிறது. இவ்வளவு எளிய யுக்தியை நினைக்கும்தோறும் எனக்கு ஆனந்தம் உண்டாகிறது. பெரும்பகுதி எக்ஸ்ஃபேட் முறையில் அமைவதால், ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற ஃபேட்32-இன் தொல்லையும் இல்லை.

தயாரிப்பது சுலபம். 64 ஜிபி பென்டிரைவ் தாராளமாகப் போதும். உள்ளே இருப்பவை அழிந்துபோகும் என்று எச்சரித்த பிறகே வென்டாய் வேலையைத் தொடங்கும். பிறகு ஐஎஸ்ஓக்களைச் சாதாரணக் கோப்புகளைப்போல நகலெடுத்தால் ஆயிற்று. நகலெடுத்தாயிற்று என்று திரை சொன்ன மாத்திரத்தில் நான் ஒருமுறை பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன். மெனுவில் பெயர் ஒழுங்காகத் தெரிந்தது. நிறுவுதல் பாதியில் நின்றது. அன்று முதல், ‘எஜெக்ட்’ கொடுத்து எடுப்பதோடு, வெளியீட்டாளர் தரும் 64 எழுத்துள்ள எஸ்எச்ஏ-256 அடையாளத்தோடு என் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அங்கீகாரம் பெற்ற நிரலை மட்டுமே பூட் ஆக விடும் ‘செக்யூர் பூட்’ காவல் உள்ள சில கணினிகள் முதன்முறை வென்டாயை மறுக்கும். அப்போது தோன்றும் நீலத்திரையில் வென்டாயின் சாவியைப் பதிந்துவிட்டால், அந்தக் கணினி மறுமுறை கேட்பதில்லை.

மிகுந்த ஜாக்கிரதை வேண்டிய இடம் கடைசியில் வருகிறது. விண்டோஸ் நிறுவி காட்டும் பட்டியலில் ஹார்ட்டிஸ்கோடு நம் பென்டிரைவும் சேர்ந்தே நிற்கக்கூடும். 500 ஜிபி ஹார்ட்டிஸ்க் அங்கே 465 என்றும், 64 ஜிபி பென்டிரைவ் 60-க்குச் சற்றுக் குறைவாகவும் தெரியும் ஆதலால், டிரைவ் 0, டிரைவ் 1 என்னும் இலக்கங்களை நம்பாமல் அளவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். குழந்தைகளின் புகைப்படங்கள் அந்த ஹார்ட்டிஸ்கில்தான் இருக்கும். பிரதி எடுத்தாயிற்றா என்று உரியவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்ட பிறகே நான் ‘ஃபார்மட்’டை அழுத்துவது.